மழை வருடத்து வைக்கோல்

இரண்டு நாடுகள் வைக்கோலையும் உமியையும் கரும்புச் சக்கையையும் எரித்து எவ்வளவு சக்தி எடுக்கின்றன என்று வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே அரசாங்கச் சம்பளத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அவள் அம்மாவே வெகுநாள் நம்பவில்லை. "எரிஞ்சது எரிஞ்சு போச்சு. அப்புறம் என்னடி அதப் போய் எண்ணிக்கிட்டு இருக்கே?" என்று கேட்பாள். அம்மாவுக்குத் தையற்கடை. தைத்த சட்டை கண் முன்னால் கொக்கியில் தொங்கும். மகளின் உழைப்பு எங்கே தொங்குகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அலுவலகத்தில் மகளுக்குத் 'தசமம்' என்று பட்டப்பெயர். எதையும் முழு எண்ணாக்கிச் சொல்ல அவளுக்கு வாய் வராது. பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று தெருவில் போகிறவர் கேட்டால்கூடப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். கேட்டவர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளப் போய்விடுவார். அந்தப் பெயரை மோப்பம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அண்ணன். அவன் பஸ் டிரைவர். வாய் பஸ்ஸைவிட வேகமாக ஓடும், அதற்குப் பிரேக் மட்டும் யாரும் வைத்துத் தரவில்லை.

அவள் மேசையில் எப்போதும் இரண்டு கோடுகள் விரிந்து கிடக்கும். நீலக்கோடு நம் நாடு, சிவப்புக்கோடு பக்கத்து நாடு. இருபத்தைந்து வருடம் இடமிருந்து வலமாக ஓடும். நீலக்கோடு சம்பளக்காரன் வாழ்க்கை போலச் சாதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சிவப்புக்கோடோ மேலே நின்றுகொண்டு, நடுநடுவே எகிறிக் குதித்துச் சிகரம் தொட்டுவிட்டு வரும். கூட்டத்துக்குக் கூட்டம் மேலதிகாரிகள் அந்தச் சிவப்புக்கோட்டைக் காட்டித்தான் இங்கே இருப்பவர்களைத் திட்டுவார்கள். "அவனும் வைக்கோலத்தான் எரிக்கிறான், நீங்களும் வைக்கோலத்தான் எரிக்கிறீங்க" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிச் சொந்தப் பிள்ளையைக் கரித்துக்கொட்டும் அதே குரல்தான்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், தசமம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் அந்தச் சிவப்புக்கோட்டுக்காரன்.

இரண்டு நாடும் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும் என்று முடிவாகி, அங்கிருந்து எண்களை அனுப்ப ஒருவனை உட்கார வைத்தார்கள். அவன் உமிக் கணக்கை அனுப்பினான். இவள் ஏழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினாள். ஏழுக்கும் பதில் எழுதி, எட்டாவதாக அவனே ஒரு கேள்வியை எழுதி, அதற்கும் பதில் எழுதியிருந்தான். அதைப் படித்த அன்று இவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. காதல் எங்கே முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவர்களுக்கு உமியில் முளைத்தது. இரண்டு முறை அலுவலக வேலையாக நேரில் சந்தித்தார்கள், மற்றபடி எல்லாம் போனில்தான். அண்ணன் அவனுக்கு 'வைக்கோல் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தான்.

வைக்கோல் மாப்பிள்ளையின் அப்பா அங்கே லேசுப்பட்ட ஆள் இல்லை. பயிர்க்கழிவைக் கணக்கெடுக்கும் முறையையே அந்த நாட்டில் உண்டாக்கியவர் அவர்தான். எந்த ஆலைக்கு எவ்வளவு போகிறது, எப்படி எடை போடுவது, எப்படிச் சக்தியாகக் கணக்கிடுவது என்று எல்லாவற்றையும் வகுத்துவைத்து, அந்தப் பிரிவிலேயே காலம் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அப்பா எழுந்த நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். 'சக்கைச் சக்கரவர்த்தி.'

அந்தச் சக்கரவர்த்தியும் அவர் மனைவியும் மகனும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து கல்யாணத் தேதியை முடிவு செய்வதாக ஏற்பாடு. அறிக்கை திங்கட்கிழமை போயாக வேண்டும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும் நேரம்தானே தாழி உடையும்.

வியாழக்கிழமை மாலை அவள் சிவப்புக்கோட்டின் சிகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி முறையாகச் சரிபார்க்கிறேன் என்று பெயர், உண்மையில் அவனோடு போனில் பேசுவதற்கு ஒரு சாக்கு. முதல் சிகரத்தின் வருடத்தைச் சொல்லி, "அந்த வருஷம் உங்க ஊர்ல என்ன விசேஷம்? வைக்கோல் எகிறியிருக்கே" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "அந்த வருஷமா? நான் ரெண்டாங்கிளாஸ். வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு. துணி துவைக்கிற தொட்டியில என்னை உக்கார வெச்சு அப்பா தள்ளிக்கிட்டே வெளிய கொண்டுபோனாரு. எனக்கு ஒரே குஷி, அம்மா அழுதுக்கிட்டு இருந்தாங்க."

அவள் சிரித்தாள். அவன் தொட்டியில் மிதக்கும் காட்சியைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த சிகரம். "அது என் மாமா பொண்ணு கல்யாணம். பந்தலே ஒழுகி எல்லாரும் நனைஞ்சு, போட்டோவுல ஒருத்தர் தலைமுடியும் நிக்கல." அடுத்த சிகரம். "அப்ப நான் காலேஜ். பரீட்சையத் தள்ளி வெச்சாங்க. பாலம் முங்கிப் போச்சுன்னு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லா வருஷமும் மழையாவே இருக்கே," என்றாள்.

"அதுக்கென்ன, மழை பெஞ்சா விளைச்சல் ஜாஸ்தி. விளைச்சல் ஜாஸ்தின்னா வைக்கோல் ஜாஸ்தி."

"வெள்ளம் வந்து பாலம் முங்கின வருஷத்துல விளைச்சல் எப்படிப்பா ஜாஸ்தியாகும்? விளைச்சல் எண்ணும் என்கிட்ட இருக்கு. அந்த மூணு வருஷமும் விளைச்சல் கம்மி."

விளைச்சல் எண்கள் இருந்த தாளின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "ஆலை வாசல்ல லாரிய எடை போடுறீங்கல்ல. அந்த எடையில ஈரத்தக் கழிக்கிறீங்களா?"

"கழிக்கிறதில்ல," என்றான் அவன். அதற்கு மேல் சொல்லத் தேவை இல்லை. இங்கே ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, அடுப்பில் காயவைத்து, காய்ந்த எடையைத்தான் கணக்கில் எழுதுவார்கள். அங்கே லாரி எடைமேடையில் ஏறி நின்றவுடன் வரும் எடையை அப்படியே எழுதி, காய்ந்த வைக்கோலுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டிருக்கிறார்கள். வெயில் வருடத்தில் தப்புச் சின்னது, யார் கண்ணிலும் படாது. மழை வருடத்தில் வைக்கோலோடு சேர்ந்து தண்ணீரும் லாரியேறி வந்து எடைக்கு நின்று, சக்தியாகி, சிவப்புக்கோட்டைத் தூக்கிச் சிகரத்தில் வைத்திருக்கிறது. நனைந்த வைக்கோல் எரியவே எரியாமல் புகைந்து மானத்தை வாங்கும் என்பது அடுப்பு மூட்டிய எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்டின் கணக்குப்படி மட்டும், எவ்வளவுக்கு எவ்வளவு நனைகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு சக்தி.

தசமம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். கண்டுபிடித்த சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், காலே தரையில் நிற்கவில்லை. எத்தனை பேர் எத்தனை காலமாகப் பார்த்த கோடு. யாருக்கும் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் மனம் குதியாட்டம் போட்டது. பிறகுதான் போனின் அந்தப் பக்கத்தில் ஒருவன் இன்னும் இருப்பது நினைவுக்கு வந்தது.

"அப்பாவோட முறை அது," என்றான் அவன்.

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை வர்றோம்."

"அதுவும் தெரியும்."

"கல்யாணம் முடியட்டுமே. அப்புறமா மெதுவா நானே சொல்லிடுறேன். அவருக்கு அந்தக் கோடுதான் உயிரு. நீ அதுல கை வெச்சேன்னா, அவரு திரும்ப ரயிலேறிடுவாரு. நான் சொல்றது புரியுதா?"

"திங்கக்கிழமை அறிக்கை போகுது. அதுல என் பேரு இருக்கு, உன் பேரும் இருக்கு. தண்ணிய வைக்கோல்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னே?"

அவன் இரண்டு முறை அவள் பெயரைச் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள். அவனை ரொம்பப் பிடிக்கும் அவளுக்கு. அதனாலேயே கோபமும் ரொம்ப வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறவனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று ஒரு பக்கம் நினைத்தாள். அவன் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது என்று இன்னொரு பக்கம் நினைத்தாள். இரண்டு நினைப்பும் அன்று இரவு முழுக்க அவளைப் பந்தாடின.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு பழைய சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஈர எடை, காய்ந்த எடை என்றதும் டக்கென்று புரிந்துகொண்டாள். துணி துவைத்த வாளியைத் தூக்கியவளுக்கு அதை விளக்க வேண்டுமா என்ன?

"தையல் கோணலாப் போனா பிரிச்சுத்தான் ஆகணும்," என்றாள் அம்மா. "ஆனா ஒருத்தர் போட்டுக்கிட்டு இருக்கிறப்போ மேலயே வெச்சுப் பிரிக்கக் கூடாது. வந்தவங்க முதல்ல உக்காரட்டும். டீ குடிக்கட்டும். தேதி பேசுறதுக்கு முன்னாடி, அவரைத் தனியாக் கூப்பிட்டு நீயே சொல்லு. போறவர் போனா போகட்டும். சொல்லாம மருமகளாப் போய் அந்த வீட்டுல எப்படி நிமிர்ந்து உக்காருவே?"

இதையெல்லாம் அண்ணன் கதவோரம் நின்று கேட்டுவிட்டான். அவன் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ உலகக்கோப்பையை நாடு ஜெயித்துவிட்டது போல இரண்டு கையையும் தூக்கினான். "அப்ப நாம கீழ இல்லையா? இத்தனை வருஷமா அவங்க தண்ணியவா எரிச்சாங்க?"

"அண்ணா, ஞாயித்துக்கிழமை நீ வாயத் திறந்தே, நான் உன்னோட பேசவே மாட்டேன்."

"நான் ஏன் திறக்கிறேன்," என்றான் அண்ணன். அவன் சொன்னது பொய்யில்லை. அவன் திறக்க வேண்டியதில்லை, அது தானாகத் திறந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். சக்கைச் சக்கரவர்த்தி என்ற பெயருக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்தார். அவர் மனைவி வந்ததும் வராததுமாகத் தையல் இயந்திரத்தைப் பார்த்து, அம்மாவோடு ஊசி நூல் பேச்சில் இறங்கிவிட்டாள். மாப்பிள்ளை ஒரு மூலையில் தப்புச் செய்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். தசமம் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் அவளைத் தவிர வேறெந்தப் பக்கமும் திரும்பவில்லை.

டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட ஒரு சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். சமயம் வருவதற்குள் அவரே பேச்சை எடுத்துவிட்டார்.

"உங்க நீலக்கோட்டப் பத்திக் கவலைப்படாதீங்க," என்று அண்ணனைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார். "நாங்களும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தோம். உழைச்சா எங்க உயரத்துக்கு வந்துடலாம்."

அண்ணன் பிஸ்கட்டை வாயில் திணித்துப் பார்த்தான். உதட்டைக் கடித்துப் பார்த்தான். தவளை தன் வாயால்தான் கெடும்.

"அதுல பாதி தண்ணிதானே மாமா," என்றான்.

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். தையற்கடை வீடு என்பதால் அங்கே விழுவதற்கு ஊசிக்கும் பஞ்சமில்லை. அம்மா மகனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அங்குலம் குறைந்தான். இப்படியா சொல்ல நினைத்தோம் என்று தசமம் நொந்துகொண்டாள்.

"என்ன தண்ணி?" என்று கேட்டார் அவர்.

அவள் எழுந்து நின்றாள். "நான் சொல்றேன் மாமா. உங்ககிட்ட நானேதான் சொல்லணும்னு இருந்தேன், இப்படி இல்ல." ஒன்று விடாமல் சொன்னாள். சிகரங்கள், மழை, குறைந்த விளைச்சல், லாரி எடை. தண்ணீர் பாதி என்று அண்ணன் சொன்னது தப்பு, மழை வருடத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்று புள்ளி நான்கு என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த நேரத்திலும் அவளால் முழு எண்ணாக்க முடியவில்லை.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா இது?"

மாப்பிள்ளை எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். "தெரியும்ப்பா. கல்யாணம் முடியுற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அவ ஒத்துக்கல. அவதான் சரி. நான் பயந்துட்டேன்."

அவள் அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் கோபமும் அந்த ஒரு பார்வையில் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

"கோட்ட எடு," என்றார் அவர்.

அம்மா துணி வெட்டும் மேசையில் கிடந்த துண்டுத் துணிகளை ஒதுக்கினாள். தசமம் தாளை விரித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிகரமாக விரலை வைத்தார். முதல் சிகரத்தில் விரல் வெகுநேரம் நின்றது. "இந்த வருஷம் மேடை போட்டு என்னைப் பாராட்டினாங்க," என்றார். அடுத்ததில், "இதுக்குப் பத்திரிகைக்காரங்க வந்தாங்க." அதற்கடுத்ததில் விரலை வைத்தவுடன் எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் மனைவி மெல்லக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரயிலுக்குத்தான் கிளம்புகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தசமத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. சொன்னதற்காக வருத்தம் இல்லை. அந்த விரல் கோட்டின்மேல் நின்ற விதம்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று அம்மா பதறி எழுந்தாள். அழுகை இல்லை. அவர் படியில் உட்கார்ந்துகொண்டு, தோள் குலுங்க, தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மழைய எரிச்சிருக்கேன்," என்றார் உள்ளே வந்து. சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளத்துல பையனத் தொட்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன். மறுவாரம் ஆபீஸ் போய் அதே வெள்ளத்தச் சக்தின்னு எழுதியிருக்கேன். கைதட்டி மாலை போட்டாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

முதலில் சிரித்தவள் அவர் மனைவி. அடுத்தது அண்ணன், அவனுக்குச் சொல்லவா வேண்டும். சிரிப்பு அடங்கியதும் அவர் தசமத்தின் எதிரே வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

"இங்க பாரும்மா. என்னை எத்தனையோ பேரு பாராட்டினாங்க. எல்லாரும் கோட்டோட நுனியப் பார்த்தாங்க, எவ்வளவு உசரம்னு பார்த்தாங்க. ஒருத்தராவது உள்ள வந்து படிச்சாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். ராத்திரி பகலா உக்காந்து வருஷம் வருஷமா எழுதினேன். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. நீதான் படிச்சிருக்கே." கழுத்தில் தொங்கிய கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். "தப்புத் தெரிஞ்சதுல வலிக்கத்தான் செய்யுது. ஆனா படிச்சிருக்கியே."

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உடனே அதிகாரியாகிவிட்டார். "சரி, இப்ப உன் நீலக்கோட்டுக்கு வருவோம். அரவை ஆலைக்காரங்க அவங்க பாய்லர்லயே எரிச்சுக்கிற உமி இருக்கே, விக்காதது, அதச் சேர்த்தியா?"

"சேர்த்திருக்கேன் மாமா."

அவருக்கு ஏமாற்றம். "காத்துல பறந்து வீணாப் போறது?"

"கழிச்சிருக்கேன்."

"செங்கல் சூளை?"

"தனியா வெச்சிருக்கேன்."

"மரப்பட்டறைங்கள்ல கூட்டிப் பெருக்கி எரிக்கிற தூள்?"

தசமம் தாளில் தேடினாள். மரத்தூள் அவள் கணக்கில் இல்லவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. அவள் முகமும், ஏனோ, அதைவிட அதிகமாக மலர்ந்தது. இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார்கள். துணியில் குறி போடும் அம்மாவின் சாக்கட்டியை எடுத்துப் புதுக் கோடு வரைந்தார்கள். ஈரத்தைக் கழித்தால் சிவப்பு எங்கே வரும், தூளைச் சேர்த்தால் நீலம் எங்கே போகும் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். கடைசியில் சிவப்புக்கோடு கொஞ்சம் இறங்கியும் நீலக்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயேதான் நின்றது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, அம்பயரிடம் முறையிடப் போகிறவன் மாதிரி அம்மாவிடம் போனான்.

"திருத்தம் போடுறப்போ என் பேரையும் சேர்த்துப் போடணும்," என்றார் அவர். "தப்புப் பண்ணினவன்னு மட்டும் இல்ல. கூட உக்காந்து திருத்தினவன்னு."

"முதல்ல உங்க பேருதான் மாமா."

டீ இன்னொரு முறை வந்து ஆறியது. வந்த காரியம் யாருக்கும் நினைவில்லை. மாப்பிள்ளை அம்மாவின் தையல் இயந்திரத்தில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டு, நடுநடுவே மேசைப் பக்கம் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அம்மாவே பொறுக்க முடியாமல் கேட்டாள். "சம்பந்தி, தேதின்னு ஒண்ணு பேசணும்னு வந்தீங்களே?"

"தேதியா? நீங்க ரெண்டு பேரும் பார்த்து எதையாவது வையுங்க," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "பையனையும் கேட்டுக்கங்க, இங்கதான் எங்கயோ இருந்தான்."

அவர் மனைவிதான் ஒரு பெருமூச்சு விட்டாள். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஹால்ல அந்தக் கோட்டச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு. யாரு வீட்டுக்கு வந்தாலும், கால் கழுவ விடுறதுக்கு முன்னாடி அதக் கொண்டுபோய்க் காட்டுவாரு. இனிமே வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டுவாரு?"

அவர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். தசமத்தை ஒரு கணம் பார்த்தார்.

"இவளக் காட்டுவேன்," என்றார். "என் மருமக, என் தப்பக் கண்டுபிடிச்சவன்னு சொல்லிக் காட்டுவேன்."

எதற்கும் புள்ளி வைத்துப் பதில் சொல்லும் தசமம் வெட்டுமேசையில் கிடந்த துண்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மரத்தூளை எந்த வருடத்திலிருந்து சேர்ப்பது என்று அவரிடம் கேட்டாள்.